போலீஸ் கை காட்டினால்: வண்டி ஓட்டிப் பிழைப்போருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகிற சாலையில் காலை நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்துப் பிழைப்பில் பாதி சக்கரத்தின் மேல்தான் போகிறது. பருத்தி மூட்டை ஏற்றிய லாரி, நூல் கட்டை முன்னும் பின்னும் வைத்த மொபட், பால் வண்டி, முட்டை வேன், கல்லூரிப் பேருந்து, திருச்செங்கோட்டிலிருந்து வெளிமாநிலம் கிளம்பும் போர்வெல் ரிக் லாரி. இவற்றை ஓட்டுகிறவர்களில் போலீஸ் கை காட்டி நிறுத்தாத ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அதைக் கெட்ட நேரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவமானமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டுமே தொழிலுக்கு உதவாது. கிளட்ச் மிதிப்பதும் லோடு கட்டுவதும் வேலையில் சேர்த்தி என்றால், சாலையோரச் சோதனையும் சேர்த்திதான். கற்றுக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். கற்றுக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் கூலி போகும், சில சமயம் மூன்று மாத வருமானமே போகும்.

மூன்று மாதம் என்பது மிகைப்படுத்திச் சொன்னது கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதுவரை 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் 1,000 ஆனது. சீட் பெல்ட் போடாவிட்டால் 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, மறுபடி சிக்கினால் 4,000. ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 10,000. குடித்துவிட்டு ஓட்டினாலும், ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டாலும் 10,000.

இந்தத் தொகைகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு வரியைத்தான் கவனிப்பதில்லை. ஹெல்மெட் போடாததற்கும், ஒரே பைக்கில் மூன்று பேர் போவதற்கும் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதிவேகம், சிக்னல் தாண்டுவது, ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடிபோதை, ஓட்டும்போது போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆபீஸ் போகிறவருக்கு லைசென்ஸ் போனால் பஸ்ஸில் போய்க்கொள்வார். டிரைவருக்கு அதுதான் சான்றிதழ், அதுதான் சோறு. தோட்டத்து வேலைக்கு டாடா ஏஸின் பின்னால் ஆள் ஏற்றிப் போகும் தம்பிமார் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

தொழிலுக்கு வர நினைக்கும் பையன்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்து அவன் குற்றத்தில் சிக்கினால், வண்டிக்காரருக்கு அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சரக்கு வண்டியை 20 வயதில் ஓட்டத் தொடங்கியிருக்க வேண்டியவன் ஐந்து வருடம் கிளீனராகவே நிற்பான்.

கிளம்பும் முன்பு

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. சரக்கு வண்டி என்றால் எஃப்.சி., பர்மிட், வரி ரசீதும் வேண்டும். இவ்வளவுதான் பட்டியல். எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டுமா என்ற சண்டை தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் உச்சத்துக்குப் போனது. அசல் லைசென்ஸ் கட்டாயம் என்று அரசு சொல்ல, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139ஆம் விதி 2018 நவம்பரில் திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்றானது. ஆகவே டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் செயலியில் திறந்து காட்டும் லைசென்ஸ் அசலுக்குச் சமம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ அப்படிச் செல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

இந்தப் பக்கம் சில இடங்களில் டவர் கிடைக்காது. செயலியை வீட்டிலேயே திறந்து, ஆவணங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆர்.சி. முதலியவை அந்த நேரத்தில் கையில் இல்லாவிட்டால், கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி வெறுங்கையோடு போகச் சொல்லவில்லை. மறந்து போன ஒரு நாளில் நிதானமாக எடுத்துச் சொல்ல அந்தப் பிரிவு உதவும்.

ஆர்.சி.யில் இருக்கிற போன் நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். இ-சலான் விவரம் அந்த நம்பருக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு, மகாராஷ்டிராவில் கேமராவில் விழுந்த அபராதம் எஃப்.சி. காட்டப் போகும் நாளில்தான் தெரிய வருகிறது. சலான் பெயரில் மோசடிச் செய்திகளும் சுற்றுகின்றன. வந்த லிங்க்கைத் தொடாதீர்கள், செயலியாக வந்த கோப்பை நிறுவவே நிறுவாதீர்கள். பரிவாஹன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும்.

டாடா ஏஸ், மினி லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸை வைத்துக்கொண்டே, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம். தனியாகப் போக்குவரத்து வாகன ஒப்புதல் தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று இதை உறுதி செய்தது. யாராவது சந்தேகம் கிளப்பினால் தேதியோடு பணிவாகச் சொல்லலாம். கேஸ் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அதற்கான பயிற்சியும் ஒப்புதலும் தனி.

கை காட்டியதும்

நிறுத்துங்கள். இதைச் சொல்ல ஒரு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். நம் மாநிலத்தில் நடந்த இரண்டு சாவுகளை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடியில் ஹெல்மெட் சோதனை நடந்தது. நிற்காமல் போன பைக்கைத் துரத்திச் சென்று இன்ஸ்பெக்டர் ஒருவர் உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் சாலையை மறித்தார்கள், அந்த இன்ஸ்பெக்டர் கைதானார். இரண்டாவது சம்பவம் நமக்குப் பக்கத்தில், சேலம் மாவட்டத்தில் நடந்தது. கொரோனா ஊரடங்குக் காலமான 2021 ஜூன் 22 அன்று, ஏத்தாப்பூர் அருகே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில், பைக்கில் வந்த ஒரு மளிகைக் கடைக்காரரைச் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் லத்தியால் அடித்தார். மறுநாள் கடைக்காரர் இறந்துபோனார். அடித்த காட்சி வீடியோவாக ஊரெங்கும் பரவியது. அந்தச் சிறப்பு எஸ்.ஐ. கைது செய்யப்பட்டார்.

இரண்டிலும் குற்றம் சீருடையின் பக்கம். ஹெல்மெட் போடாததற்குச் சட்டம் வைத்த விலை அபராதம், உயிர் கிடையாது. தடுத்து நிறுத்தப்பட்டவரை அடிக்க எந்தப் பிரிவும் எந்தக் காவலருக்கும் அதிகாரம் தரவில்லை. துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை, நம்பர் பிளேட்டைக் குறித்தால் போதும், சலான் வீடு தேடிப் போகும். இது காவல்துறை தன் ஆட்களுக்குத் தினமும் சொல்ல வேண்டிய பாடம். வண்டியில் இருக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது வேறு. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து திருப்பிக்கொண்டு ஓடும் அந்த அரை நிமிடம்தான் சாலையில் மிக ஆபத்தான நேரம். பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் கட்டுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள். பைக் என்றால் இறங்கி நின்று ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், முகம் தெரிந்தால் பாதிச் சந்தேகம் குறையும். லாரி என்றால் கைகளை ஸ்டியரிங் மேல் வைத்து, கேட்டால் இறங்குங்கள். காதில் இருக்கிற போனை முதலில் எடுங்கள். பிறகு நம் ஊர் வழக்கப்படியே, "சொல்லுங்க சார், பேப்பர் எல்லாம் இருக்குதுங்க" என்று தொடங்கினால் போதும். ஊர்ப் பெரிய மனிதர் பெயரையோ கட்சிக்காரர் பெயரையோ எடுக்க வேண்டாம். அந்தப் பெயர் எதிரில் நிற்பவரைச் சீண்டும். அதற்குப் பிறகு அவர் உங்கள் வண்டியில் குறை தேடத் தொடங்குவார், தேடினால் கிடைக்காத வண்டி எது?

யார் கேட்கலாம் என்பதில் குழப்பம் வேண்டாம். சீருடையில் இருக்கிற எந்தப் போலீசாரும், ஏட்டாக இருந்தாலும், லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். "நீங்க எஸ்.ஐ. இல்லையே" என்று அவரிடம் மல்லுக்கட்டுவது வீண். அபராதம் விதித்து முடிக்கும் அதிகாரம் மட்டும் அரசு அறிவித்த பதவியில் உள்ளவர்களுக்குத்தான். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறவர், எஃப்.சி., பர்மிட், எடை எல்லாவற்றையும் பார்ப்பார்.

லைசென்ஸை அவர் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். 206ஆம் பிரிவின்படி அதைத் தர வேண்டியது அவர் கடமை. லைசென்ஸ் திரும்பி வரும் வரை, அல்லது சீட்டில் குறித்த தேதி வரை, அந்தச் சீட்டே உங்களை வண்டி ஓட்ட அனுமதிக்கும். சீட்டு வாங்காமல் வந்தால் அடுத்த சோதனையில் லைசென்ஸ் இல்லாதவராகி நிற்பீர்கள். சாவியைப் பிடுங்கும் அதிகாரம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எதுவும் எழுதவில்லை. பதிவோ பர்மிட்டோ லைசென்ஸோ இல்லாத வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவு இருக்கிறது, அது வேறு விஷயம். சாவியைப் பறித்துவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "சார், எந்தப் பிரிவுல எடுக்கறீங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று கேட்டு நில்லுங்கள்.

இழுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணியில் இருக்கும் அரசு ஊழியர் மீது கை வைத்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவில் வழக்கு வரும், இரண்டு ஆண்டு வரை சிறை. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கோ காவலர் தேர்வுக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். பின்புல விசாரணையில் அந்த ஒரு எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பொதுச் சாலையில் வீடியோ எடுக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது சண்டைக்கு அழைப்பது. பின்னால் இருப்பவர் சற்றுத் தள்ளி நின்று எடுத்தால் போதும்.

ஊதச் சொன்னால் ஊதுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாயோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ வரலாம். ராத்திரி குடித்தது காலை டூட்டியிலும் காட்டும். டிரைவர் வேலைக்கு இதைவிடப் பெரிய கெட்ட பெயர் கிடையாது.

சலானும் மாமூலும்

மெஷினில் சலான் போட்டதும் அங்கேயே படியுங்கள். வண்டி நம்பர், இடம், நேரம், பிரிவு, அதிகாரியின் பெயரும் பதவியும். பிரிவு தப்பாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். கையில் பணம் இல்லாவிட்டால் அங்கேயே கட்டியாக வேண்டியதில்லை, பிறகு ஆன்லைனில் கட்டலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வந்துவிட்டு அந்த உரிமையைப் பேசினால் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் அலைந்ததுதான் மிச்சம். லைசென்ஸை நிறுத்தி வைக்கும் முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வரும் நோட்டீஸைப் பீரோவில் போட்டு மூடாமல் எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

ரசீது இல்லாத பணம் பற்றி. "ஆயிரத்துக்கு எதுக்கு, இருநூறைக் குடுத்துட்டுப் போ" என்று கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. லஞ்ச ஒழிப்புத்துறைக்கு நாமக்கல்லில் பிரிவு இருக்கிறது. மரியாதைக் குறைவான நடத்தை என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம், அடித்தார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையமும் உண்டு. தேதி, நேரம், இடம், பெயர்ப் பட்டையில் இருந்த பெயர், போலீஸ் வண்டி நம்பர், இத்தனையும் இருந்தால் ஒரு பக்கப் புகாரே போதும். சட்டத்தை அமல்படுத்துகிறவரே அந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் இரட்டிப்பு என்று 2019 திருத்தத்தில் 210பி பிரிவு சேர்க்கப்பட்டதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பது எல்லா டிரைவர்களுக்கும் உள்ளூர இருக்கும் பயம். கூட்டம் அடித்துவிடும் என்பதால்தான் பலர் ஓடுகிறார்கள். சட்டத்துக்கு அந்தப் பயம் தெரியும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்றும் சொல்கிறது. முடிந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் கொடுங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம். அடிபட்டவர் இறந்து, சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் பல மாநில லாரி டிரைவர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் ஓடலாம் என்று ஆகாது. ஓடினவருக்கு மறுபடி யாரும் வண்டி கொடுப்பதில்லை.

ஓனரிடம் பேச வேண்டியது

சாலையில் நடக்கும் தகராறுகளில் பெரும்பகுதி ஷெட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். இன்சூரன்ஸ் முடிந்தது, எஃப்.சி. தாண்டியது, டயர் வழுக்கையானது, லோடு அதிகமானது, எதுவும் டிரைவர் செய்த தப்பு கிடையாது. வெயிலில் நின்று திட்டு வாங்குவது மட்டும் அவர். போலீசாரிடம் கோபப்படுகிற பல டிரைவர்களின் கோபம் உண்மையில் ஓனர் மேல் பட வேண்டியது.

ஓவர்லோடு கணக்கைப் பாருங்கள். அபராதம் 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூடுதல் என்றால் 26,000. கூடுதல் எடையை இறக்கும் செலவும் சேரும், இறக்காமல் வண்டியை நகர்த்த விடக் கூடாது. எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால் 40,000. பருத்தி ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம் முடிந்து வெளியே போகும் லோடு எடையில் மாட்டாமல் போகலாம். ஆனால் பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவுக்கு மேல் துருத்திக்கொண்டு போனால் அதற்கும் 20,000 தனியாக இருக்கிறது.

பர்மிட், இன்சூரன்ஸ், ஓவர்லோடு மூன்றிலும் சட்டம் ஓட்டியவரோடு நிற்கவில்லை, ஓட்ட வைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பேசுகிறது. டிரைவர் ஓனராக இல்லாதபோது, ஓவர்லோடு ஓனருக்குத் தெரிந்தே, அவர் சொல்லித்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என 113ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும் அபராதத்தைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். முதல் நாள் பேசாமல் விட்டதுதான் காரணம்.

ஆகவே புது வண்டியில் ஏறும் முன், சம்பளம், பேட்டா பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். "அண்ணா, வேகம், போன், சீட் பெல்ட், இதுல வர்ற பைன் என்னுது. பேப்பரும் லோடும் உங்களுதுங்க. ஓவர்லோடு ஏத்தச் சொன்னா, என் லைசென்ஸ் மூணு மாசம் போனா அந்த மூணு மாசச் சம்பளம் யாருது?" முகம் சுளிக்கிற ஓனர்கள் இருப்பார்கள். நல்ல டிரைவர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இன்றைக்கு நாமக்கல், திருச்செங்கோட்டில் அதைவிட அதிகம். அவர் சரி என்று சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போடச் சொல்லிவிட்டு, இன்சூரன்ஸ் முடியும் தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு சாவியை வாங்குங்கள்.